துயரும் தொடையும்

மன்பதைக்கெல்லாம் பொதுவாகிய சாக்காட்டைப் பாடாத மொழி உலகில் இல்லை. அரசனை இழந்த புலவன் பாடினான். மகனை இழந்த தாய் பாடினாள். நாட்டை இழந்த குடிகள் பாடினர். ஆயின் அத்தகைய பாடல்களைக் கற்கும்பொழுது நம்மிற் பலருக்கு ஓர் ஐயம் எழுகின்றது. தந்தையை இழந்து நிற்கும் ஒருவர்க்கு எதுகையும் மோனையும் தேடும் மனநிலை எங்ஙனம் வாய்க்கும்? உண்மைத் துயரம் கதறுமேயன்றிச் சீர் எண்ணுமோ? எண்ணிச் சொல்லிய துயரம் போலித் துயரம் அன்றோ? இங்ஙனம் மாணவ நண்பர்கள் வகுப்பிலும் விடுதித் தாழ்வாரத்திலும் வினவக் கேட்டிருக்கின்றோம்.

இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. யாப்பென்பது உணர்ச்சியின்மேல் பூட்டிய அணிகலம் என்பது உண்மையாயின், இறந்தாரைப் பாடும் பாட்டில் அவ்வணிகலம் பொருந்தாது என்பதும் உண்மையாதல் வேண்டும். சாவீட்டில் பொன் அணிந்து மினுக்கி நிற்பாரை உலகம் பழிக்குமன்றோ? ஆகவே தொடை என்பது உண்மையில் யாது, அது துயரத்தோடு என்ன உறவுடையது என்பதை ஆராய்தல் வேண்டும். இதனைப் பொதுவகையான் வாதிட்டுத் தீர்ப்பதினும், சாவைப் பற்றிய சிறு பாட்டொன்றை எடுத்துக்கொண்டு, அதன் தொடைகள் ஆங்கு என்ன தொழில் செய்கின்றன என்று நோக்குதலே நலம். அதன்பொருட்டு யாம் எடுத்துக்கொண்டது புறநானூற்றின் 112-ஆம் பாட்டு. அஃது ஐந்தே அடிகளும் 19 சீர்களும் உடையது. பாடியவர் பாரி மகளிர்.

பாரி, பறம்பு மலைக்குத் தலைவனாகிய வேள். இன்றைச் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே அப்பழைய பறம்பு என்பர். அவன் நாட்டில் 300 ஊர்கள் இருந்தன என்றும், அவை யாவும் முன்னரே பரிசிலர்க்கு உரியவாயின என்றும் அவன் ஆருயிர் நண்பராகிய கபிலர் பாடுகின்றார். மூவேந்தரும் கூடிப் பறம்பை முற்றியிருந்த காலை, அம்மலையைப் போரால் கொள்ளுதல் இயலாது என்று அவர்க்கு அறிவுறுத்தியவரும் அவரே. மூங்கில் நெல்லும், பலாவும், வள்ளிக் கிழங்கும், தேனும் உழவர் உழாமலே விளையும் மலை அது. யாழை இயக்கி விறலியரோடு பாடிச் சென்றால் பாரி நாட்டையும் மலையையும் தானே தருவான் என்பது கபிலர் வாக்கின் கருத்து. வேந்தர் பாடிச் செல்லவில்லை. பாரி கொல்லப்பட்டான், பறம்பு அவர் கைப்பட்டது. அதன் பின்னர் அவன் மகளிர் இருவரும் பாடியதாக இப்பாட்டு வழங்குகின்றது. இதற்குப் பழையோர் வகுத்த திணை பொதுவியல், துறை கையறுநிலை. இறந்தாரை எண்ணி எஞ்சியோர் செயலற்றுப் புலம்புவதே கையறுநிலையாம்.

பாட்டின் கருத்தை உரைநடையிற் கூறின் இவ்வளவே. முன்னொரு திங்களில், வெண்மையான நிலவு எறித்த அக்காலத்தில், எங்கள் தந்தை எங்களுக்கு இருந்தார். எங்கள் மலையும் அயலார் கையிற் படாதிருந்தது. இப்பொழுது இந்தத் திங்களிலும் நிலவு முன்போலவே எறிக்கின்றது. முரசறையும் அரசர் எங்கள் மலையைக் கைக்கொண்டு விட்டனர். எங்கள் தந்தையும் எங்களுக்கு இல்லை. இவ்வுரையைப் படிப்பார்க்குச் செய்தி விளங்கும். ஆயின் நெஞ்சு உருகுதல் அரிது. மூலத்தைப் படிப்பார்க்கோ முதன்முறையிலேயே நெஞ்சு கனக்கின்றது. கருத்து ஒன்றேயாக, இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? உரைநடையில் எது உதிர்ந்து போயிற்றோ அதிலிருந்தே வந்திருத்தல் வேண்டும். உதிர்ந்தது தொடையே.

தொடையின் இலக்கணத்தை ஈண்டுச் சுருக்கமாக நினைவு கூர்தல் தகும். ஆங்கிலப் பாக்களில் அடிகளின் இறுதி ஓசை ஒன்றி வருதலே பெருவழக்கு; தமிழில் அதற்கு நிகராவது இயைபுத் தொடை. ஆயினும் தமிழ்ச்செவி மிகுதியும் நாடுவது சொல்லின் தொடக்கத்து அமையும் ஒற்றுமையையே. முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. முதலெழுத்துக்கள் அளவொத்து நிற்ப, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. சொல்லாலேனும் பொருளாலேனும் ஒன்றற்கொன்று மறுதலைப்பட வருவது முரண். இவற்றுள் மோனையும் எதுகையும் ஒற்றுமையைக் காட்டுவன. முரண் வேற்றுமையைக் காட்டுவது. இந்தப் பாகுபாட்டை நினைவில் நிறுத்திக்கொண்டு பாட்டுக்குள் புகுவோம்.

முதலடி ‘அற்றை’ என்று தொடங்குகின்றது. மூன்றாமடி ‘இற்றை’ என்று தொடங்குகின்றது. அற்றை என்பது அந்நாளைக்குரியது. இற்றை என்பது இந்நாளைக்குரியது. இவ்விரு சொற்களும் எதுகையால் பிணிக்கப்பட்டன என்று கூறி மேற்செல்லுதல் தேர்வுக்குப் போதும், பாட்டுக்குப் போதாது. இவற்றிடை வேறுபாடு எத்துணைச் சிறிது என்று உற்று நோக்குக. முதலெழுத்து ஒன்றைத் தவிர ஏனைய எழுத்தெல்லாம் ஒன்றே. ‘அ’ என்னும் சேய்மைச் சுட்டு நின்ற இடத்தில் ‘இ’ என்னும் அண்மைச் சுட்டு வந்து அமர்ந்தது; அவ்வளவே. அச்சுட்டுக்கள் அடியின் மூன்றாஞ் சீரிலும் மீளவந்து மோனையாகின்றன. முதலடியிலும் மூன்றாமடியிலும் இவை நீங்கலாக எஞ்சிய சொற்கள் யாவும் மாறாமல் அப்படியே நிற்கின்றன. திங்களும் அதுவே, வெண்மையும் அதுவே, நிலவும் அதுவே.

இஃது ஓசை இன்பத்திற்காகச் செய்யப்பட்ட ஒப்பனையா? அன்று. அம்மகளிர் கண்ட உலகம் உண்மையில் அங்ஙனமே இருந்தது. வானம் மாறவில்லை, நிலவு ஒளி குன்றவில்லை, இரவு முன்னை இரவுபோலவே இருந்தது. ‘அன்று’ என்பது ‘இன்று’ என்றாயிற்று. அவ்வொரு மாற்றத்திற்குள்ளே ஒரு தந்தையும் ஒரு மலையும் மறைந்துபோயினர். ஓரெழுத்து மாறுதலால் வாழ்வு முழுவதும் மாறிற்று என்பதை எதுகையே செவிக்குச் சொல்லிவிடுகின்றது. இறந்தாரை உடையோர் எவரும் அறிந்த துயரம் இது. வீட்டின் கூரையும், முற்றத்து மரமும், மாலை வெயிலும் நேற்றுப்போலவே இருப்பதுதான் அவர்க்குப் பொறுத்தற்கரியது. உலகமும் உடன் மாறியிருப்பின் ஒருவாறு ஆறுதல் உண்டாகும். மாறாத உலகின் நடுவே தாம் மட்டும் மாறி நிற்றலே தனிமை. அத்தனிமைக்கு, முழுதும் ஒத்து ஓரெழுத்தில் மட்டும் பிரியும் எதுகையைவிடப் பொருத்தமான வடிவம் யாது?

திங்கள் என்னும் சொல்லும் ஈண்டுக் கருதத்தக்கது. அது வானத்து மதியையும் குறிக்கும்; அம்மதியால் அளக்கப்படும் மாதத்தையும் குறிக்கும். காலத்தை அளப்பதும் அக்காலத்துக்குச் சான்றாய் நிற்பதும் ஒரே பொருளாய் அமைந்தமையால், நிலவைக் காணுந்தோறும் கழிந்த காலத்தை எண்ணாதிருத்தல் அம்மகளிர்க்கு இயலாததாயிற்று. மதி தேய்ந்தாலும் திரும்ப வளரும், தந்தை திரும்பார். இதனைப் பாட்டு வெளிப்படக் கூறவில்லை; நிலவை இருமுறை காட்டி, எஞ்சியதைக் கேட்போர் நெஞ்சுக்கே விட்டுவிட்டது.

இனி முரணைக் காண்போம். இரண்டாமடியில் தந்தையைக் குறித்து ‘உடையேம்’ என்ற சொல் வருகின்றது. இறுதியடியில் ‘இலம்’ என்ற சொல் வருகின்றது. இரண்டாமடியில் மலையைப் பிறர் ‘கொளார்’. இறுதியடியில் வேந்தர் ‘கொண்டார்’. ஒரே வினை முதலில் எதிர்மறையாயும் பின்னர் உடன்பாடாயும் வந்தது. இவ்விரு முரண்களும் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் அழகைக் காண்க. அன்று தந்தைக்கு உடன்பாடு, மலையிழப்புக்கு எதிர்மறை. இன்று மலையிழப்புக்கு உடன்பாடு, தந்தைக்கு எதிர்மறை. துலாக்கோலின் ஒரு தட்டு ஏறுங்கால் மற்றையது இறங்குதல் போன்றது இது. அன்றியும், முன்னர்த் தந்தை முதலாவதாகவும் மலை இரண்டாவதாகவும் எண்ணப்பட்டன. பின்னர் இம்முறை மாறி, மலை முன்னும் தந்தை பின்னும் வருகின்றன. செல்வத்தைச் சொல்லும்பொழுது தந்தையைக் கொண்டு தொடங்கிய மகளிர், இழப்பைச் சொல்லும்பொழுது தந்தையிற் கொண்டுபோய் முடிக்கின்றனர். நாடு போயிற்று என்ற செய்தி முதலில் வருகின்றது. அதனினும் பெரிய செய்தி இறுதியில் வருகின்றது. அதன்பின் சொல் இல்லை.

மோனையிலும் ஒரு நுட்பம் உண்டு. முதல் நான்கு அடிகளிலும் முதற்சீரும் மூன்றாஞ்சீரும் மோனையால் ஒன்றுகின்றன. இதனைப் பொழிப்பு மோனை என்பர் இலக்கணிகள். நான்கடி தொடர்ந்து ஒரே நடையாக வந்த இவ்வமைதி ஐந்தாமடியில் குலைகின்றது. ஆங்குக் ‘குன்றும்’ என்பதும் அதனை அடுத்த ‘கொண்டார்’ என்பதும் இனமோனையால் ஒட்டிக்கொள்கின்றன. எஞ்சிய பாதி தனித்து நிற்கின்றது. மலை கொண்டாரோடு போயிற்று. தந்தை இன்மையோடு போயினார். அடி இரண்டாகப் பிளந்தது. நான்கடிகளில் கட்டுக்குள் நின்ற குரல் ஐந்தாவதில் இடறுவதை வாய்விட்டுப் படிப்பார் எளிதில் உணர்வர்.

இதனினும் வியத்தகுவது ஒன்றுண்டு. இப்பாட்டு நேரிசை ஆசிரியப்பா. அதன் ஈற்றயலடி மூன்று சீராய்க் குறுகி வருதல் இலக்கணம். இங்கும் நான்காமடி மூன்று சீரே உடையது. அதன் மூன்றாஞ் சீரின் இறுதியில் ‘எம்’ என்னும் சொல் நிற்கின்றது. எம்முடைய என்பது அதன் பொருள். எதனை என்று வினவின், ‘குன்று’ என்னும் விடை அடுத்த அடியின் தலையில்தான் இருக்கின்றது. இரண்டாமடியில் இவ்விரு சொற்களும் ஒரே சீருக்குள் பிரியாது புணர்ந்திருந்தன. மலை தம்முடையதாயிருந்த காலத்தைக் கூறுமிடத்தில் ‘எம்’ என்பதும் ‘குன்று’ என்பதும் ஒன்றாயிருந்தன. மலை பறிபோனதைக் கூறுமிடத்தில் அவ்விரண்டிற்கும் இடையே அடி முறிகின்றது. அடி முறியும் அவ்விடத்தில் படிப்பவர் குரலும் ஒரு கணம் நிற்கின்றது. ஈற்றயலடி குறுகவேண்டும் என்ற விதி புலவர் எல்லார்க்கும் பொது. அவ்விதியின் குறுக்கம் இங்குத் துயரத்தின் மூச்சுமுட்டாக மாறிற்று. இதனைத் திட்டமிட்டுச் செய்தனரோ, செவியின் பழக்கத்தால் தானே அமைந்ததோ என்னும் ஆராய்ச்சி வேண்டுவதில்லை. அமைந்தது என்பதே நமக்குப் போதும்.

வேந்தரைக் குறிக்கும் அடைமொழியையும் விட்டுவிடலாகாது. வென்று முரசறையும் இயல்பினர் என்று அவரைப் பாட்டு சிறப்பிக்கின்றது. போரில் வெல்ல இயலாது வஞ்சித்துக் கொன்றவர்க்கு இச்சிறப்பு எங்ஙனம் பொருந்தும்? ஆகவே இது புகழ்ச்சியன்று, இகழ்ச்சிக் குறிப்பே என்று பழைய உரைகாரர் நயம் கண்டனர். பாட்டு முழுவதிலும் பகைவரைப் பழிக்கும் சொல் ஒன்றேனும் இல்லை, புகழும் சொல் ஒன்றே உள்ளது, அப்புகழே வசையாயிற்று. ஆற்றலற்ற இரு மகளிர்க்கு அவ்வமயம் எஞ்சியிருந்த படைக்கலம் அக்குறிப்பு ஒன்றே. ‘வென்று’ என்று தொடங்கும் அடிக்குக் ‘குன்று’ என்று தொடங்கும் அடி எதுகையாய் அமைந்ததும் நோக்கத்தக்கது; அவ்வெற்றியின் பொருள் யாது என்பதை எதுகையே காட்டிவிடுகின்றது.

இங்ஙனம் சொல்லப்பட்டவற்றைக் கண்டோம். சொல்லப்படாதவற்றையும் காண்டல் வேண்டும். இறந்தார் என்னும் சொல் பாட்டில் இல்லை. அழுதோம் என்பதும் இல்லை. கண்ணீரும் இல்லை, தெய்வத்தை நோதலும் இல்லை, தந்தையின் கொடையையும் வீரத்தையும் விரித்துரைத்தலும் இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை என்னும் சுவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்றார். பிறரால் எளியராகக் கருதப்படுதல் இளிவு. உற்றாரை இழத்தல் இழவு. பண்டைய நிலை கெடுதல் அசைவு. வேண்டுவன பெறாமை வறுமை. இந்நான்கிற்கும் உரிய நிலை அம்மகளிர்க்கு ஒருசேர வாய்த்தது. முன்னர்த் தந்தையின் மலைமேல் ஏறி நின்று, படையெடுத்து வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள், பின்னர் எளிய குடிலின் அருகே குப்பைமேட்டில் ஏறி உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணுகின்றனர் என்று கபிலர் 116-ஆம் பாட்டில் நொந்துரைக்கின்றார். அந்நிலையில் இருந்தவர்கள் அழுகையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் நம்மை அழச்செய்தனர் என்றால், அச்சொல்லாத சொற்களின் வேலையை ஏற்றுச் செய்தது தொடையே என்பது தெளிவு.

‘யாம்’ என்ற தன்மைப் பன்மையும் இத்தனிமையை மிகுவிக்கின்றது. தமிழில் கேட்போரையும் உடன்படுத்திச் சொல்ல ‘நாம்’ என்பதும், அவரை விலக்கிச் சொல்ல ‘யாம்’ என்பதும் உள. இப்பாட்டில் ‘எம்’ என்றும் ‘யாம்’ என்றும் வருவனவேயன்றி, ‘நம்’ என்பது வரவில்லை. கேட்போர் எத்துணை இரங்கினும் அத்துயரத்திற்குள் புகமாட்டார். அஃது அவ்விருவர்க்கே உரியது.

பிறமொழிப் பாவலரும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். ஆங்கிலக் கவியாகிய டென்னிசன், 1833-இல் இறந்த தம் நண்பர் ஆர்தர் ஹாலம் என்பார்க்காகப் பல்லாண்டுகளாக எழுதிய பாடல்களை 1850-இல் ‘இன் மெமோரியம்’ என்னும் பெயரால் வெளியிட்டார். அதன் செய்யுட்கள் நான்கடி உடையன. நடுவிரண்டடிகள் தம்முள் இயைய, முதலடியின் ஓசை நான்காமடியில்தான் மீள்கின்றது. பிரிந்த ஓசை காத்திருந்து மீளும் இவ்வமைப்பு, பிரிந்தாரை எண்ணிக் காத்திருக்கும் நெஞ்சுக்கு ஏற்றதாயிற்று. அவரும் நம் நண்பர்கள் எழுப்பிய ஐயத்தை எழுப்புகின்றார். துயரத்தைச் சொல்லில் அடைத்தல் ஒருவகையில் குற்றமாகுமோ என்று வினவி, அளவுபட்ட மொழியில் உழைத்தல் நோவை மரத்துப்போகச் செய்யும் மருந்து போன்றது என்று தம்மைத் தேற்றிக்கொள்கின்றார். எபிரேயப் பாவிலோ அடிதோறும் இயைபு தேடும் வழக்கமே இல்லை; ஒரு கருத்தை இணையான இருகூறாகச் சொல்லுதலே அதன் தொடை. சவுலும் யோனத்தானும் வீழ்ந்தபொழுது தாவீது பாடிய புலம்பல் சாமுவேலின் இரண்டாம் புத்தகத்து முதல் அதிகாரத்தில் உள்ளது. வலியோர் வீழ்ந்தமையைக் குறித்த ஒரே கருத்து அதில் மும்முறை மீண்டும் மீண்டும் வருகின்றது. அவரும் மலையை நோக்கியே பேசுகின்றார். கில்போவா மலையில் பனியும் மழையும் பெய்யாதொழிக என்கின்றார். மலை மாறவேண்டும் என்று தாவீது வேண்டினார். நிலவு மாறவில்லை என்று பாரி மகளிர் கண்டு சொன்னார்கள். மொழியும் தொடையும் வேறாயினும், துயரம் ஒரு மீட்சியை, ஓர் ஒழுங்கை நாடுகின்றது என்பது எங்கும் ஒன்றே.

நம் ஊர்களில் ஒப்பாரி வைக்கும் பெண்டிரும் இதற்குச் சான்றாவர். யாப்பருங்கலமோ காரிகையோ கல்லாத அவர்கள், கணவனையோ மகனையோ இழந்த அந்நாழிகையிலேயே, எதுகையும் மோனையும் தாமே வந்து பொருந்த, அன்றிருந்த நிலையையும் இன்றுற்ற நிலையையும் அடுக்கி அழுகின்றனர். அவ்வழுகையைப் போலி என்று கூறத் துணிவார் யார்? கதறல் எவ்வகை மொழியும் ஆகாது ஓய்ந்துவிடும். இழந்தது இன்னது என்று பிறர்க்கும் தமக்கும் எடுத்துரைக்க ஒரு வடிவம் வேண்டும். அவ்வடிவத்தைப் பற்றிக்கொண்டே துயருற்றார் சொல்லிலிருந்து சொல்லுக்குக் கடந்து செல்கின்றனர்.

ஆகலின் நண்பர்களின் வினாவுக்கு யாம் கூறும் விடை இது. தொடை அணிகலமாய் நிற்கும் பாட்டும் உண்டு. அத்தகையதைச் சாவீட்டில் பாடுதல் தகாது என்பதை ஒப்புகின்றோம். பிற்காலத்து இரங்கற்பாக்கள் சிலவற்றில் எதுகைக்காக இறந்தார்க்கு இல்லாத குணங்கள் ஏற்றப்படுதலையும் கண்டிருக்கின்றோம். ஆயின் பாரி மகளிர் பாட்டில் எதுகையை நீக்கின் நிலவின் மாறாமை போம். முரணை நீக்கின் இழப்பு போம். அடிமுறிவை நீக்கின் மூச்சுத் திணறல் போம். எஞ்சுவது, ஒரு வேள் இறந்தான், ஒரு மலை கைமாறிற்று என்னும் வரலாற்றுக் குறிப்பு ஒன்றே. அவ்வரலாறு இன்று நமக்கு யாதாகும்?

அம்மகளிரை மணம் கொள்ளுமாறு விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் கபிலர் வேண்டியதும், அவர்கள் இசையாமையும் புறநானூற்றிலேயே காணப்படுகின்றன. முரசறைந்த வேந்தரின் வெற்றியைப் பாட இன்று எவரும் இலர். ஏடுகளில் மறைந்து கிடந்த புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894-இல் அச்சிட்டு உதவிய பின்னர், இவ்வைந்தடியைத் தமிழ் கற்பார் யாவரும் நெஞ்சில் வைத்துள்ளனர். தேர்வின்பொருட்டுத் தொடைகளின் பெயரை உருப்போடும் நாம், இனி இப்பாட்டை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, ‘அ’ என்பது ‘இ’ என்று மாறும் அவ்விடத்தில் சிறிது நின்று செவிகொடுப்போமாக. இலக்கணம் கற்றதன் பயனை ஆங்குக் காண்போம்.